போயாவுக்குப் போயா கழுவிய தொட்டி: கல்லடி வீடொன்றில் மீன்கள் செத்ததன் காரணம்

மட்டக்களப்பு, கல்லடியில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு வீடு. அம்மா, அப்பா, தரம் எட்டில் படிக்கும் மகள், அம்மம்மா. முன் விறாந்தையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. வீட்டைக் கண்ணாடிபோல வைத்திருக்கும் குடும்பம் அது, தொட்டியையும் அப்படியே வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை போயா (பௌர்ணமி) விடுமுறையில் தண்ணீரை முழுக்க இறைத்து, கல்லை அரித்து, எல்லாவற்றையும் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக மாதா மாதம் மீன் செத்தது, மாதா மாதம் புது மீன் வாங்கினார்கள். மீனைக் கொன்றது அந்தக் கழுவல்தான் என்பது கடைசியில் தெரியவந்தது.

இதே கதை மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. முடிவில் தொட்டி வெறுமையாகி, வீட்டுக்குப் பின்னால் கோழித்தீன் போட்டுவைக்கும் பெட்டியாகிவிடும். ஆசையாக வாங்கிய பிள்ளைக்கு அது எவ்வளவு கவலை என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஒரு வீட்டின் விஷயத்தை, அவர்களின் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் முழுசாக எழுதுகிறேன். செலவு குறைந்த பராமரிப்பு என்றால் மலிவான சாமான் வாங்குவது என்று நினைக்கிறார்கள். இந்த வீட்டில் செலவு குறைந்தது, தொட்டிக்குள் தானாக உருவாகும் உயிரைக் கழுவி ஊற்றாமல் விட்டதால்.

தொட்டியும் வழக்கமும்

தொட்டி 90 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 45 உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 120 லீற்றர் சொச்சம் பிடிக்கும். அடியில் கிடக்கும் கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 100 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். உப்போ மருந்தோ எதை அளப்பதென்றாலும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், பலருக்குத் தங்கள் தொட்டி எத்தனை லீற்றர் என்றே தெரியாது. உள்ளே நாலு கோல்ட் பிஷ், கொஞ்சம் மொலி, ஒரு கூட்டம் கப்பி, ஒரு டேங்க் கிளீனர் மீன். மூலையில் கரண்டில் ஓடும் சின்னப் பில்டர், அதற்குள் இரண்டு விரல் தடிப்பில் ஒரு ஸ்பொஞ்ச். அடியில் கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கல்லும் சிப்பியும்.

கழுவும் நாளில் நடப்பதை அக்கா, அதாவது அந்த வீட்டு அம்மா, வரிசையாகச் சொன்னார். காலையில் மீன்களை ஒரு பேசினில் அள்ளி விடுவது. தண்ணீர் முழுவதையும் முற்றத்தில் ஊற்றுவது. கல்லைச் சுளகில் அரிசி கொழிப்பதுபோலக் கொழித்துக் குழாயடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுவது. ஸ்பொஞ்சைச் சலவைத் தூள் போட்டு வெள்ளையாகும்வரை கசக்குவது. கண்ணாடிக்குப் பாத்திரம் கழுவும் திரவம். பிறகு குழாயிலிருந்து ஓஸ் போட்டு நேராக நிரப்பி, பின்னேரமே மீன்களை விட்டுவிடுவது. அன்று இரவு தொட்டி அவ்வளவு அழகாக இருக்கும் என்றார். சாவு விழத் தொடங்கினால் கடையில் தரும் நீல மருந்து விடுவார்கள்.

அம்மம்மா கேட்ட கேள்விதான் எல்லாருடைய கேள்வியும். “நல்லாக் கழுவித்தானே மனே உடுறம், பிறகும் ஏன் சாகுது?”

சுவர்க் கலண்டரில் இருந்த சாட்சி

கடையில் பெரிய பில்டர் வாங்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா தீனில் பிழை என்று சந்தேகப்பட்டார். கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கைதான் காரணம் என்றார் அம்மம்மா. மூன்றுமே யோசிக்க வேண்டிய காரணங்கள்தான். ஆனால் வழியைத் திறந்தது மகள் செய்த ஒரு வேலை. மீன் சாகும் ஒவ்வொரு நாளும் சுவர்க் கலண்டரில் சின்னச் சிவப்புச் சிலுவை ஒன்று போட்டு வந்திருந்தாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை, கவலையில் செய்தது.

கலண்டரைக் கீழே இறக்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். போயா நாள் கலண்டரிலேயே குறித்திருக்கும், அதனால் ஒப்பிடுவது சுலபம். அநேகமாக ஒவ்வொரு மாதமும் போயாவுக்கு அடுத்த நாள் காலையில் ஒன்றிரண்டு சிலுவை. பிறகு இரண்டு மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை கொத்தாகச் சிலுவைகள். அதன் பிறகு அங்கொன்றும் இங்கொன்றும். மாதக் கடைசியில் சுத்தமாக இல்லை. அடுத்த போயாவோடு மறுபடி முதலிலிருந்து.

வெக்கை காரணம் என்றால் சிலுவை போயாவைச் சுற்றி நிற்காது, வெயில் ஏறிய நாட்களைச் சுற்றி நிற்கும். தீன் காரணம் என்றால் மாதக் கடைசியிலும் சாக வேண்டும், அதே டப்பாத் தீனைத்தானே அப்போதும் போடுகிறார்கள். தொற்று நோய் என்றால் உடம்பில் வெள்ளைப் புள்ளியோ செட்டை அழுகலோ தெரிந்திருக்கும், அப்படி எதையும் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஆக, கழுவுவதோடு சேர்ந்த ஏதோ ஒன்று. அதுவும் ஒரு காரணம் இல்லை, இரண்டு. அன்றிரவே கொல்வது ஒன்று, நாலு நாள் எடுத்துக் கொல்வது இன்னொன்று.

முதற் சாவு: குளோரின்

மட்டக்களப்பு நகரப் பக்கத்துக் குழாய்களில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். வழியில் கிருமி சேராமலிருக்கக் கொஞ்சம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும், உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் குழாயில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்கட்டும் என்கிறது. நமக்கு அது பாதுகாப்பு. ஆனால் மீன் மூச்செடுக்கும் பூவின் (செவுளின்) மெல்லிய தோலை அந்த அளவே அரித்துவிடும். குழாயிலிருந்து நேராக நிரப்பி அன்று பின்னேரமே மீனை விட்டால் பலம் குறைந்த ஒன்றிரண்டு விடிவதற்குள் போய்விடும். அடுத்த நாள் காலைச் சிலுவைக்கு இதுதான் விளக்கம்.

இதைச் சோதிக்கக் காசு தேவைப்படவில்லை. அதே குழாய்த் தண்ணீரை அகலப் பேசினில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, பிறகு அதில் சில கப்பிகளை விட்டுப் பார்த்தோம். அவை உற்சாகமாகத் திரிந்தன. தண்ணீரில் பிழையில்லை, விட்ட அவசரத்தில்தான் பிழை.

கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நம்பி அதை அப்படியே ஊற்றுகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மாரி வெள்ளம் வடிந்ததும் நம் பக்கத்தில் கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவது வழக்கம். அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீர் குழாய்த் தண்ணீரை விடக் காரமாக இருக்கும். மூக்குக்கே மணக்கும்.

இரண்டாம் சாவு: கழுவி ஊற்றிய உயிர்

இதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி, கொஞ்சம் நின்று பேச வேண்டியது.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகப் பூ வழியே தண்ணீரில் விடுகிறது. மிச்சத் தீன் அழுகினாலும் அமோனியாதான் வரும். அது நஞ்சு. குளத்திலும் ஆற்றிலும் அதைத் தின்று வாழும் பக்டீரியா உண்டு. ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சுதான், நைத்திரேற்று அவ்வளவு ஆபத்தில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினாலே கட்டுக்குள் நிற்கும், செடி வைத்தால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த பக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. ஸ்பொஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிப் படலமாக வாழும். ஸ்பொஞ்சைத் தொட்டால் பழுப்பாக வழுக்குமே, அந்த வழுக்கல்தான். நாம் ஊத்தை என்று தேய்த்து எடுப்பது அதைத்தான். இவை பெருகுவதும் மெதுவாக. சாதாரண பக்டீரியா அரை மணியில் இரண்டாகும், இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ அதற்கும் மேலோ எடுக்கும். புதுத் தொட்டியில் முழுப் படலம் படிய மூன்றிலிருந்து ஆறு கிழமை செல்லும்.

இப்போது அந்த வீட்டுக் கணக்கைப் பாருங்கள். போயாவன்று கல்லைக் கொழித்து, ஸ்பொஞ்சைத் தூளில் கசக்கி, குளோரின் தண்ணீரை ஊற்றியதும் படலம் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விடுகிறது. மீன்கள் மட்டும் அதே எண்ணிக்கை. முதல் இரண்டு மூன்று நாள் அமோனியா ஏறிக்கொண்டு வரும், வெளியில் ஒன்றும் தெரியாது, தண்ணீர் பளிச்சென்று இருக்கும். நாலாம் நாள் எல்லை தாண்டும். ஒன்பதாம் நாளுக்குள் பாதி மீன் போனதும் கழிவும் குறையும், பக்டீரியாவும் கொஞ்சம் தலையெடுக்கும். அதன் பிறகு நைத்திரைற்றுக் கட்டம். அப்போது மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பூ சிவப்பு மாறிக் கபில நிறமாகும், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாத நிலை அது. அங்கொன்றும் இங்கொன்றுமான சிலுவைகள் அவை. மாதக் கடைசியில் எல்லாம் ஒருவாறு சீராகி வரும்போது அடுத்த போயா வந்துவிடும்.

நீல மருந்து இதை இன்னும் மோசமாக்கியது. அது மெதிலீன் புளூ, பங்கசு பிடித்த மீனுக்கும் முட்டைக்கும் நல்ல மருந்து. ஆனால் தொட்டி முழுக்க விட்டால் நமக்கு வேண்டிய பக்டீரியாவையும் சேர்த்து அடக்கும். தனி வாளியில் எடுத்துச் செய்ய வேண்டிய வைத்தியம் அது.

சூழலும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக் கற்களில் ஒன்றை எடுத்துத் தேசிக்காய்ச் சாறு விட்டோம். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு, அதாவது சிப்பியும் பழைய பவளத் துண்டும். இவை கரைந்து தண்ணீரைக் காரத்தன்மைக்குத் தள்ளும். 30 பாகை வெப்பத்தில், பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 7 ஆக இருக்கும் தண்ணீரில் மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவத்தில் இருப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே தண்ணீர் பிஎச் 8 ஆனால் அது ஏழுக்கு மேல் போய்விடும். கழிவு கூடாமலே நஞ்சு பல மடங்கு. வெக்கையும் தன் பங்குக்குச் செய்கிறது. 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் வரை ஒட்சிசனைப் பிடித்து வைக்கும், 30 பாகையில் 7.5 தான். அம்மம்மா சொன்ன வெக்கை முழுக் காரணம் இல்லை, ஆனாலும் அதில் உண்மை இருந்தது. குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய கோல்ட் பிஷ் முதலில் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பவளத் துண்டு பற்றி ஒரு வார்த்தை. பாசிக்குடா போய் வருகிறவர்கள் அழகுக்காக இரண்டு மூன்றைப் பையில் போட்டு வருவதைப் பார்க்கிறேன். பவளப்பாறையை எடுப்பது கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. வேண்டாம், அது கடலிலேயே இருக்கட்டும்.

என்ன செய்தோம்

முதல் வேலை ஒரு வேலையை நிறுத்துவது. முழுக் கழுவல் இனி இல்லை என்று முடிவானது. அக்காவுக்கு இது லேசாக இருக்கவில்லை. “ஊத்தைத் தண்ணியில விடுறது பாவம் இல்லையா தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊத்தையை எடுக்கத்தான் வேண்டும், படலத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அடியில் தேங்கும் கழிவை உறிஞ்சி எடுப்பது வேறு, எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவது வேறு.

உறிஞ்சும் ஓஸ் வீட்டிலேயே செய்தோம். இரண்டு மீற்றர் ஒளி தெரியும் ஓஸ், ஒரு அரை லீற்றர் சோடாப் போத்தல். போத்தலின் அடியை வெட்டி, கழுத்தில் ஓஸை இறுக்கினால் போதும். போத்தலைக் கல்லுக்குள் குத்திப் பிடித்தால் கல் கொஞ்சம் எழும்பிக் குதித்துத் திரும்ப விழும், கழிவு மட்டும் ஓஸ் வழியே வாளிக்கு இறங்கும். வாயால் உறிஞ்சித் தொடங்கத் தேவையில்லை. ஓஸை முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்துத் தொட்டியை விடத் தாழ்வாகக் கொண்டுவந்து விட்டால் தானாக ஓடும். இரண்டு வாளி இறங்கியதும் நிறுத்து. அதுவே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவ்வளவுதான்.

இறக்கிய தண்ணீரை அம்மம்மா கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் ஊற்றத் தொடங்கினார். நைத்திரேற்று செடிக்கு உரம், வீணாகவில்லை. உப்புப் போட்டிருந்த கிழமைகளில் மட்டும் அதைச் செய்யக்கூடாது.

புதுத் தண்ணீருக்கு, சனிக்கிழமையே இரண்டு வாளிகளை அகலப் பேசின்களில் ஊற்றி முற்றத்தில் திறந்து வைப்பது. நுளம்பு முட்டையிடாமல் மேலே வலைத்துண்டு. மறந்துபோன வாரத்துக்கு ஒரு ஏற்பாடு: வளர்ப்பு மீன் கடைகளில் அன்ரி குளோரின் என்று விற்கும் பளிங்குத் துண்டு பெரும்பாலும் சோடியம் தயோசல்பேற்று. 10 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் பெயர் ஒட்டி வைத்தால், 10 லீற்றர் வாளிக்கு 1 மில்லிலீற்றர் போதும். மருந்துக் கடையில் வாங்கும் ஊசியில்லாச் சிரிஞ்சு அளக்க வசதி. ஒரு தடவை கரைத்தது மாதக் கணக்கில் வரும்.

அடுத்தது ஸ்பொஞ்ச் பில்டர். இதற்கு நான் கொஞ்சம் கூடுதலாக இடம் தருகிறேன், ஏனென்றால் நம் பக்கத்து வெக்கைக்கும் கரண்ட் நிலைமைக்கும் இதை விடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது.

அரை அங்குல பிவிசி குழாய் ஓரடித் துண்டு ஒன்று. அதன் கீழ்ப் பக்கம் நாலு அங்குலத்துக்குச் சுற்றிவர ஆணி சூடாக்கிக் குத்தியோ துளைப்பானாலோ ஓட்டைகள் போட்டு, அடியை மூடியால் அடைத்தோம். ஸ்பொஞ்சுக்குக் காத்தான்குடியில் குஷன் வேலை செய்யும் கடையொன்றில் வெட்டி எறியும் துண்டு கிடைத்தது. எல்லா ஸ்பொஞ்சும் சரிவராது. வாயில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு அந்தப் பக்கம் இலகுவாகப் போனால் தண்ணீரும் போகும், அடைத்துக்கொண்டு நின்றால் அது தலையணைக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பொஞ்சை எடுக்கவே கூடாது, சிலவற்றில் கிருமி கொல்லும் மருந்து கலந்திருக்கும். கிடைத்த துண்டைச் சும்மா தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டுப் பிழிந்து பிழிந்து மணம் போக்கினோம். நடுவில் கத்தியால் துளைத்து ஓட்டை போட்ட பகுதி முழுதும் உள்ளே போகும்படி குழாயில் இறுக்கினோம். பசை எதுவும் போடவில்லை. அடியில் பாரத்துக்கு உடைந்த மாபிள் துண்டு கட்டினோம்.

எயார் பம்பின் மெல்லிய ஓஸைக் குழாய்க்குள் அடிவரை இறக்கியதும் வேலை முடிந்தது. காற்றுக் குமிழி குழாய்க்குள் மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஏறும். அந்த இடத்தை நிரப்ப வெளித் தண்ணீர் ஸ்பொஞ்சு வழியே உள்ளே வரும். கழிவு ஸ்பொஞ்சில் நிற்கும், பக்டீரியா அதைத் தின்னும், குமிழி மேற்பரப்பைக் கலக்குவதால் ஒட்சிசனும் கிடைக்கும். மூன்று வேலையும் ஒரு சின்னப் பம்பில். 4 வாற்றுப் பம்பு இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்கு மூன்று யூனிற் கூட வராது.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டோம். கீழே வைத்தால் கரண்ட் நின்றதும் தொட்டித் தண்ணீர் ஓஸ் வழியே திரும்பி இறங்கிப் பம்புக்குள் போய்விடும். பம்பும் போகும், ஆபத்தும் கூட. பிளக்குக்குப் போகும் வயரையும் ஒரு தொய்வு விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் தொய்வில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

பழைய பில்டரை நிறுத்தவில்லை, இரண்டும் சேர்ந்து ஓடின. புது ஸ்பொஞ்சில் படலம் படிய வாரக் கணக்காகும் என்பதால், நோயில்லாமல் நீண்ட நாள் ஓடும் தொட்டி வைத்திருந்த உறவினர் வீட்டிலிருந்து பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டி, ஈரம் காயாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டுவந்து புதியதோடு நூலால் கட்டிவிட்டோம். கடையில் போத்தலில் அடைத்து விற்கும் பக்டீரியாவை விட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். அந்தத் தொட்டியில் நோய் இருந்திருந்தால் அதுவும் கூடவே வந்திருக்கும், அதனால் தெரியாத இடத்துத் துண்டை எடுக்கக்கூடாது.

இடைக் காலத்துக்குக் கல்லுப்பு. லீற்றருக்கு 1 கிராம், ஆக இந்தத் தொட்டிக்கு 100 கிராம், ஒரு நாளில் இரண்டு தடவையாகக் கரைத்து விட்டது. உப்பிலுள்ள குளோரைட்டு பூவில் நைத்திரைற்று நுழையும் வழியை மறிக்கும், கபிலப் பூ நோய்க்கு இதை விட மலிவான காப்பு இல்லை. உப்பு ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் மாற்றிய அளவுக்கு மட்டும்தான் திரும்பப் போட வேண்டும், 20 லீற்றருக்கு 20 கிராம். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பும்போது உப்பே போடக்கூடாது. பலர் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள்.

தீன் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வெள்ளிக்கிழமை தீன் இல்லை. மகள் பின்னேரத்தில் பாண் துண்டு பிய்த்துப் போடுவதை நிறுத்தியது பெரிய உதவி, அந்தப் பாண்தான் கல்லுக்கடியில் புளித்துக்கொண்டிருந்தது.

வெள்ளைக் கற்களில் பாதியை எடுத்து ஆற்று மணலிலிருந்து சலித்த சல்லியைப் போட்டோம். ஒரே நாளில் முழுதையும் மாற்றவில்லை, அதிலும் படலம் இருக்கிறதே. முழுக்க எடுக்காததற்கு இன்னொரு காரணம், மொலிக்கும் கப்பிக்கும் கொஞ்சம் கடினமான தண்ணீர் ஒத்துவரும். மேலே மணி பிளாண்ட் கொடியொன்றின் வேரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம், இலை வெளியே. நைத்திரேற்றை அது நன்றாக இழுக்கும். பாசிக்குப் பீர்க்கங்கூடு, முன்பக்கக் கண்ணாடி மட்டும். பின்பக்கத்துப் பாசியை விட்டுவிட்டோம், மொலி அதை மேயும்.

டேங்க் கிளீனர்

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் இந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும், சுத்தம் செய்வதை விடக் கூடுதலாகக் கழிவு போடும். 100 லீற்றர் தொட்டிக்கு அது ஏற்றதே இல்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார், அது அவருடைய நல்ல மனம். எடுக்க மறுக்கும் கடையென்றால் பெரிய தொட்டிக்காரர் யாரையாவது தேடுங்கள், குளத்தில் மட்டும் விடாதீர்கள். இலங்கையின் நன்னீர் நிலைகளில் இப்படி விடப்பட்டவை பெருகி, உடம்பு முழுக்க முள்ளும் தகடுமாக வலைகளைக் கிழிக்கின்றன. குளத்து மீனை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்பது நமக்குத் தெரியும்.

பிறகு நடந்தது

முதல் கிழமை தண்ணீர் பால்போல மங்கியது. அக்கா போன் எடுத்து, கழுவட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தீனைக் குறையுங்கள், வாளிக் கணக்கை மட்டும் தொடருங்கள் என்றேன். மங்கல் தானாகத் தெளிந்தது. ஒரு கோல்ட் பிஷ் செத்தது, ஏற்கெனவே பூ கபிலமாகியிருந்த மீன் அது. அடுத்த போயா வந்தது, யாரும் தொட்டியை இறைக்கவில்லை. அதைத் தொடர்ந்த பக்கங்களில் சிலுவை விழவில்லை. மொலி குட்டி போட்டது, கப்பிகள் நெருக்கமாகின.

ஸ்பொஞ்சை மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை பிழிகிறார்கள், இறக்கிய தொட்டித் தண்ணீர் வாளிக்குள்ளேயே, குழாயடியில் இல்லை. இரண்டு மூன்று பிழி, அவ்வளவுதான். பழுப்பு நிறம் முழுக்கப் போகத் தேவையில்லை. இரண்டு பில்டர் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் தொடுவதில்லை.

கரண்ட் விஷயத்தில் 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள், மார்ச் கடைசியில் 13 மணித்தியால வெட்டு வரை போனது. இப்போதும் மழைக் காற்றில் கம்பி அறுந்தால் சில மணித்தியாலம் போகும். அப்போது தீன் போடக்கூடாது. ஜொக்கால் தண்ணீரை அள்ளி ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது, மணிக்கு ஒரு தடவை சில நிமிடம். இந்த வீட்டில் அது மகளின் வேலை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் பில்டர் என்றால், கரண்ட் நின்று இரண்டு மூன்று மணித்தியாலத்தில் ஸ்பொஞ்சை வெளியே எடுத்துத் தொட்டிக்குள் மிதக்க விட வேண்டும். உள்ளேயே விட்டால் ஒட்சிசன் இல்லாமல் பக்டீரியா செத்து அழுகும், கரண்ட் வந்ததும் அந்த அழுகல் அப்படியே தொட்டிக்குள் கொட்டும். திறந்த ஸ்பொஞ்ச் பில்டருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. தொட்டி ஒழுகினால் குளியலறைக்குப் பூசும் பூஞ்சண எதிர்ப்புச் சிலிக்கனைப் போடக்கூடாது, அந்த மருந்து மீனைக் கொல்லும். தொட்டிக்கென்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், பூசியபின் புளிமணம் போகும்வரை காயவிடுங்கள். வயர் இணைப்பை டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். தொட்டிக்குக் கீழே ஒரு ரெஜிபோம் தகடு வைக்காமல் விடவும் வேண்டாம். 100 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் 100 கிலோ, மேசையில் ஒரு சின்ன மேடு இருந்தாலே அடிக்கண்ணாடி வெடித்துவிடும்.

மிச்சமிருக்கும் பிரச்சினை ஒன்று. கச்சான் காலத்தில் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றுகிறது. நிரப்புவதற்குக் கிணற்றுத் தண்ணீர் சுலபம் என்று அதையே ஊற்றினால், தண்ணீர் ஆவியாகிச் சுண்ணாம்பும் உப்பும் பின்தங்கி, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினம் ஏறும். கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு தடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தாலே தெரியும். வற்றியதை நிரப்ப மழைத்தண்ணீர்தான் சரி, அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு. இந்த மாரிக்கு அந்த வீட்டில் ஓட்டுக் கூரைப் பீலியிலிருந்து நீல பரல் ஒன்றுக்கு இணைப்புப் போட்டிருக்கிறார்கள். முதல் மழையை முழுக்க விட்டுவிட்டு, கூரைத் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப் போன பிறகு வருவதைப் பிடிப்பதாக ஏற்பாடு. மூடி போட்டு வைத்தால் கச்சான் வரைக்கும் தாங்கும்.